மச்சினன் குதிரையின் ரத்தம்

போன வாரம் தேனியில் நடந்த உங்கள் இளம் கால்நடை மருத்துவர் கூட்டத்துக்கு என்னை அழைத்து, சால்வை போர்த்தி, நாலு வார்த்தை பேசச் சொன்னீர்கள். நான் வாய் திறந்ததும் எல்லோரும் கைப்பேசிக்குள் தலையை விட்டுக்கொண்டீர்கள். எனக்கு வருத்தமில்லை. ஓய்வுபெற்றவர்கள் மேடையேறினால் உங்கள் வயதில் நானும் பந்தி எப்போது என்றுதான் எட்டிப் பார்ப்பேன். ஆனால் தேநீர் வேளையில் உங்களில் ஒரு தம்பி, ரத்தம் நிரம்பிய நீல மூடிக் குழாயைச் சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் செருகிக்கொண்டு நின்றார். என்னப்பா அது என்று கேட்டேன். "குதிரை ரத்தம் மேடம். உறையுதா இல்லையான்னு பாக்கணும். போற வழியில லேப்ல குடுத்துருவேன்" என்று சொல்லி, அதை வெளியே எடுத்து இருமல் மருந்தைப் போலக் குலுக்கியும் காட்டினார்.

அவர் பெயரைச் சொல்ல மாட்டேன். நல்ல பிள்ளை, எனக்கு ஓடிப்போய் வடை வாங்கிக் கொடுத்தார். மேடையில் சொல்ல முடியாததை அந்த வடைக்காகவாவது எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

குழாயில் கோடு வரைக்கும் ரத்தம் நிற்க வேண்டும், ஒரே குத்தில் நரம்பு கிடைக்க வேண்டும், குலுக்கக் கூடாது, மெல்லக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும், வெயிலில் வைத்து வேகவிடக் கூடாது. இதெல்லாம் உங்கள் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. படித்திருப்பீர்கள். தேர்வு முடிந்த கையோடு மறந்தும் இருப்பீர்கள். மறக்காமல் இருக்க வேண்டிய ஒன்று மட்டும் உண்டு. நோயுள்ள குதிரையின் குழாயோடு, நல்ல நிலையில் இருக்கும் இன்னொரு குதிரையின் குழாயும் சேர்ந்து போக வேண்டும். நம் ஊர் லேப்களுக்கு மனுசக் கணக்குதான் தெரியும். குதிரை ரத்தம் உறைய எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று கேட்டால், நீங்கதான் சொல்லணும் மேடம் என்பார்கள். நல்ல குதிரையின் ரத்தத்தை அருகில் வைத்துத்தான் நோயாளியை அளக்க முடியும். இதுவும் உங்களுக்குத் தெரியும். அந்த நல்ல குதிரை யாருடையது என்று விசாரிப்பீர்களா, அதுதான் என் கேள்வி.

இரண்டாயிரத்துக்குப் பிந்திய சில வருடங்கள் நான் போடிப் பக்கம், மலையடிவாரத்துக் கால்நடை மருந்தகம் ஒன்றில் இருந்தேன். பெரும்பாலும் மாடு, ஆடு, சண்டையில் கிழிபட்ட சேவல். அவ்வப்போது பொதிக்குதிரைகள் வரும். சாலை போகாத மலைக் கிராமங்களுக்கு அரிசியும் மண்ணெண்ணெயும் அவை முதுகில்தான் ஏறும். ஏலக்காயும் காப்பிக்கொட்டையும் அவை முதுகில்தான் இறங்கும். ஒருமுறை தையல் மிஷின் ஒன்று குதிரை மேல் போவதையும், அதன் சொந்தக்காரி பின்னாலேயே திட்டிக்கொண்டு நடப்பதையும் பார்த்திருக்கிறேன்.

சன்னாசி என்பவரிடம் இரண்டு மட்டக்குதிரைகள் இருந்தன. நிலம் கிடையாது, வேறு தொழில் கிடையாது. அந்த எட்டுக் கால்கள் மலையேறினால்தான் அவர் வீட்டில் உலை கொதிக்கும். பெண் குதிரையின் பெயர் வெள்ளையம்மா. நிறம் நல்ல செம்பழுப்பு. ஏன் இந்தப் பெயர் என்று கேட்டதற்கு, "மனசு வெள்ளைத்தா" என்றார். மற்றது இளம் ஆண் குதிரை, நான் அதுவரை பார்த்ததில்லை. அதற்குப் பெயர் வைக்கும் அளவுக்கு இன்னும் மரியாதை வரவில்லை.

ஒருநாள் காலையில் வெள்ளையம்மாவின் மூக்கில் ரத்தம் என்று ஆள் விட்டார். அவர் வீட்டு முன்னால் இருந்த புளியமரத்தடியில் குதிரை நின்றுகொண்டிருந்தது. கொட்டடி பின்பக்கம். நான் மரத்தடியோடு நின்றுவிட்டேன்.

"அட்டைதான்த்தா. ஓடைத் தண்ணியில வாய வச்சிருக்கு, மூக்குக்குள்ள ஏறிருச்சு. உப்புத் தண்ணி ஊத்துனா எறங்கிரும். இருந்தாலும் நீங்க ஒரு எட்டு பாத்துட்டா மனசுக்கு நிம்மதி" என்றார் சன்னாசி.

நோய் என்னவென்று முடிவு செய்துவிட்டு, மருந்தையும் தீர்மானித்துவிட்டு, நம் கையெழுத்துக்கு மட்டும் கூப்பிடுகிறவர்கள் உங்களுக்கும் வாய்ப்பார்கள். கோபப்படாதீர்கள். பாதி நேரம் அவர்கள் சொல்வது சரியாகவே இருக்கும். அங்கே மலைக்குப் போய்வரும் பிராணிகளின் மூக்கில் அட்டை ஏறுவது சாதாரணம். ஆனால் டார்ச் அடித்துப் பார்த்ததில் எனக்கு அட்டை தட்டுப்படவில்லை. சேணக் கயிறு உராய்ந்த இடத்தில் சின்னக் காயம், அதிலும் ரத்தம் நிற்காமல் கசிந்துகொண்டிருந்தது. மூக்கில் அட்டை என்றால் முதுகு ஏன் கசிய வேண்டும்? ரத்தம் உறையவில்லையோ என்ற சந்தேகம் வந்தது. கழுத்தில் ஊசி போட்டுக் குழாயை நிரப்பிய பிறகு கட்டைவிரலை எடுக்கவே முடியவில்லை. அப்படியே அழுத்திக்கொண்டு, "இன்னொரு குதிரை வேணும்ணே, நல்லா இருக்கறதா. ஒங்க கொட்டடியில இல்லாத குதிரையா இருக்கணும்" என்றேன்.

நல்ல குதிரையிடம் ரத்தம் எடுப்பது என்றால் அந்தப் பக்கத்தில் யாரும் சம்மதிக்க மாட்டார்கள். நோவு இருக்கிற குதிரைக்கு ஊசி போடுவார்கள், அதில் அர்த்தம் உண்டு. நல்லா மேய்கிற குதிரையைக் குத்தினால் அதன் சத்து இறங்கிவிடும், அப்புறம் மலையேறாது என்பது அவர்கள் எண்ணம். சன்னாசி தலையைச் சொறிந்தார். பிறகு முகம் தெளிந்து, "எம் மூத்த மச்சினன் வீரணன் கிட்ட ஒண்ணு இருக்குத்தா. கீழத் தெருதான். பிடிச்சுட்டு வாரேன்" என்று போனார்.

போன வேகத்தில் திரும்பினார். அவர் பிடித்துவந்ததும் பழுப்பு நிறம்தான். வந்ததும் என் காலை மிதித்தது. "ஏலே, சும்மா நில்லுலே!" என்று சன்னாசி ஒரு அதட்டுப் போட்டார். உடனே அடங்கி நின்றது. ஊரார் குதிரை இவர் அதட்டலுக்கு இப்படி அடங்குகிறதே என்று நான் மெச்சிக்கொண்டேன். அந்த ஒரு நிமிடம் மெச்சாமல் யோசித்திருந்தால் இந்தக் கதையே இல்லை. குழாய் நிரம்பியது. நல்ல குதிரைதானே என்று பஞ்சை வைத்து லேசாக அழுத்திவிட்டு, தேனிப் பேருந்தைப் பிடிக்கும் அவசரத்தில் கிளம்பினேன்.

கிளம்பும்போது சன்னாசி பின்னாலேயே வந்தார். "அப்படியே நாளைக்குக் காலையில என் ஆம்பளக் குதிரையக் காயடிச்சு விட்ருங்கத்தா. மேல மேயப் போயிருக்கு, ராவுக்குள்ள எறங்கிரும். மலையேறயில பொட்டக் குதிரை வாசம் பட்டாப் போதும், மூட்டையோட பள்ளத்துல எறங்குது." ஏலக்காய் எடுப்புக்கு முன்னால் செய்துவிட வேண்டும் என்று ரொம்ப நாளாகவே கேட்டுக்கொண்டிருந்தார். சரி என்றேன்.

தேனி லேப்பில் இருந்த டெக்னீஷியன் எனக்காக மட்டும் குதிரை ரத்தம் பார்ப்பார். வெளியே தெரிந்தால் மனுச நோயாளிகள் சண்டைக்கு வருவார்கள் என்பதால் குழாயில் வெள்ளையம்மா, பெண், வயது ஒன்பது என்று எழுதிக்கொள்வார். அன்று முன்னறையில் இருந்த புதுப் பெண் அதைப் படித்துவிட்டு, "வெள்ளையம்மா பாப்பாவோட அம்மா யாருங்க?" என்று கூப்பிட, நான் எழுந்து போனேன்.

"மேடம், ரெண்டும் ஒண்ணுபோலத்தான் உறையாம இழுத்துக்கிட்டே போகுது. மனுசங்களா இருந்தா ரெண்டு பேரையும் இப்பவே பெட்ல சேக்கச் சொல்லுவேன். குதிரைக்கு இதுதான் வழக்கமோ என்னமோ, எனக்கென்ன தெரியும்?" என்றார் டெக்னீஷியன்.

நல்ல குதிரையும் நோய்க் குதிரையும் ஒன்றுபோல இருந்தால் என்ன அர்த்தம்? நோய்க் குதிரையின் ரத்தத்தில் கோளாறு இல்லை என்று அர்த்தம். அப்படியானால் அட்டைதான், எங்கோ உள்ளே ஒளிந்திருக்கிறது. இப்படிக் கச்சிதமாக யோசித்து முடித்து, பேருந்தில் ஜன்னலோர இருக்கையும் பிடித்து, நிம்மதியாக ஊர் வந்து சேர்ந்தேன். கச்சிதமாக அமைந்துவிடுகிற யோசனையைக் கண்டால் கொஞ்சம் பயப்படுங்கள்.

மறுநாள் காலை, கொதிக்க வைத்த கருவிகளோடு போனேன். புளியமரத்தடியில் வைக்கோல் பரப்பி, கயிறுகளைத் தயாராக வைத்திருந்தார் சன்னாசி. ஆண் குதிரையும் நின்றது. அதன் கழுத்தைச் சுற்றி ஒரு பச்சைத் துண்டு கட்டியிருந்தது.

"என்னண்ணே துண்டு?"

"குளுருதுத்தா அதுக்கு."

பங்குனி வெயில். எனக்குக் காலை எட்டு மணிக்கே முதுகில் வேர்வை வழிகிறது. குதிரைக்குக் குளிருகிறதாம். நான் துண்டை அவிழ்த்தேன். கழுத்தின் இடப்பக்கம், ஊசி குத்துகிற இடத்தில், பெரிய எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கியிருந்தது. தொட்டால் மெத்தென்று இருந்தது. உள்ளே ரத்தம் கசிந்து சேர்ந்திருக்கிறது. பஞ்சின் நார்கூட இன்னும் மயிரில் ஒட்டிக்கொண்டிருந்தது. என் ஊசி, என் பஞ்சு.

"இது ஒங்க மச்சினன் குதிரைல்ல?" என்றேன்.

சன்னாசி வானத்தைப் பார்த்தார், புளியமரத்தைப் பார்த்தார், என்னைத் தவிர எல்லாவற்றையும் பார்த்தார். அவர் மனைவி செல்லத்தாய் வாசலில் இருந்து ஓடி வந்தார். "எங்கண்ணன் குதிரையா? அவுக வாசப்படிய இவுக மிதிச்சு வருசக் கணக்காச்சு. புள்ளைக்குக் காதுகுத்தயில மூத்தவுக மடியில வைக்காம எளையவன் மடியில வச்சுட்டாக. அதுல இருந்து பேச்சுவார்த்தை கெடையாது. இவுக எங்கன போய்க் குதிரை கேட்டாகளாம்?"

"கொல்லையில நின்னத ஓட்டியாந்தேன்த்தா. குதிரை ரத்தம் எல்லாம் ஒண்ணுதானேன்னு..." என்று இழுத்தார் சன்னாசி. அந்த வீட்டு வாசலில் போய் நின்று கேட்பதைவிட, தன் குதிரையை மச்சினன் குதிரை ஆக்கிவிடுவது அவருக்குச் சுலபமாக இருந்திருக்கிறது.

எனக்குக் கோபம் வந்தது. வந்த கோபம் அப்படியே பயமாக மாறிவிட்டது. இரண்டும் ஒரே கொட்டடிக் குதிரைகள். இரண்டின் ரத்தமும் உறையவில்லை. அப்படியென்றால் இரண்டும் எதையோ ஒன்றாகத் தின்றிருக்கின்றன. அந்தத் துண்டை நான் அவிழ்க்காமல் கத்தியை எடுத்திருந்தால், அந்தக் குதிரையின் கடைசிச் சொட்டு வரை வைக்கோலில் வடிந்திருக்கும். நான் பக்கத்தில் நின்று வேடிக்கைதான் பார்த்திருக்க முடியும்.

நேராகக் கொட்டடிக்குப் போனேன். தவிட்டு மூட்டைகளுக்குப் பின்னால் எலி மருந்துக் கட்டிகளின் காகித உறைகள் கிடந்தன. கட்டிகளைக் காணோம். "எலி மூட்டையக் கொதறுதுன்னு வச்சேன். நல்லா வெல்ல வாசம் வரும். எலிதான் தின்னுருச்சுன்னு நெனச்சேன்" என்றார் சன்னாசி. அவ்வளவையும் தின்ன அந்த ஊர் எலிகளுக்குக் குதிரை வயிறு இருந்திருக்க வேண்டும். ரத்தத்தை உறையவிடாமல் செய்யும் மருந்து அது. பிள்ளைகள் யாரும் அந்தப் பக்கம் வந்தார்களா என்று முதலில் கேட்டேன். இல்லை என்று செல்லத்தாய் சத்தியம் செய்த பிறகுதான் குதிரைகள் பக்கம் திரும்பினேன்.

அதற்குள் வெள்ளையம்மாவின் மூக்கில் இருந்து ரத்தம் சொட்டுவது போய் ஒழுக ஆரம்பித்துவிட்டது. ஈறு வெளுத்துவிட்டது. இதற்கு மாற்று மருந்து வைட்டமின் கே. அதிலும் ஒரு வகை குதிரையைக் காப்பாற்றும், இன்னொரு வகை அதன் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். எது என்று படித்துவிட்டு வாங்குங்கள். தெருமுனை போன் பூத்தில் இருந்து தேனி டெக்னீஷியனைக் கூப்பிட்டு, சரியான வகையைச் சொல்லி, பிறந்த குழந்தைக்குப் போடும் ஊசி மருந்தானாலும் பரவாயில்லை, ஊரில் உள்ளதையெல்லாம் திரட்டுங்கள், காலி ரத்தப் பைகளும் வேண்டும், பேருந்து ஓட்டுநர் கையில் கொடுத்துவிடுங்கள் என்றேன். மருந்துக்கடைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "எத்தன பிரசவம் சார் இன்னைக்கு?" என்று கேட்டாராம். அதைப் பிறகு சொன்னார்.

ஆனால் அந்த மருந்து வேலை செய்ய ஒரு நாளாவது ஆகும். வெள்ளையம்மாவிடம் அந்த ஒரு நாள் இல்லை. உறையக்கூடிய ரத்தம் உடனே அதன் உடம்புக்குள் போக வேண்டும். அந்த ரத்தம் இன்னொரு குதிரையிடம்தான் இருக்கிறது. அந்தத் தெருக்களில் இன்னொரு குதிரை ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

"வீரணன் அண்ணன் கிட்டப் போங்கண்ணே" என்றேன்.

சன்னாசி அசையவில்லை. "நான் எப்படித்தா போவேன்?"

"நேத்துப் போன மாதிரியே போங்க. நேத்து வெரசாத்தானே வந்தீக."

சிரிக்க வேண்டிய நேரமில்லை, ஆனாலும் செல்லத்தாய் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். சன்னாசி வெள்ளையம்மாவின் முகத்தைப் பார்த்தார். அது தலையைத் தொங்கவிட்டு நின்றது. அதன் மூக்கைத் தன் வேட்டி நுனியால் ஒருமுறை துடைத்துவிட்டுத் தெருவில் இறங்கினார்.

இந்த முறை நேரமாயிற்று. அந்த வீட்டில் என்ன பேசினார்கள், யார் அழுதார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. முன்னால் குதிரையைப் பிடித்தபடி ஒல்லியான உயரமான மனிதர் ஒருவர் வந்தார். பத்தடி பின்னால் சன்னாசி. வீரணன் என் முன்னால் நின்று, "எம்புட்டு வேணுமோ எடுத்துக்கங்கத்தா" என்றார்.

"ரெண்டு மூணு நாளைக்கு மலைக்கு அனுப்ப முடியாதுண்ணே."

"போகலைன்னா அரிசி கீழ கெடக்கட்டும். அவருகிட்டச் சொல்லுங்க, குதிரைக்குத் தண்ணி காட்டச் சொல்லி."

அவர் நின்றது சன்னாசியின் தோளுக்குப் பக்கத்தில். சன்னாசியும் சளைக்கவில்லை. "காட்டியாச்சுன்னு சொல்லுங்கத்தா" என்றார். அன்று முழுக்க நான் இரண்டு குதிரைகளுக்கு வைத்தியமும் இரண்டு ஆண்களுக்குத் தபால்காரர் வேலையும் பார்த்தேன்.

வீரணன் குதிரையும் எதையாவது தின்றிருந்தால்? ஒருநாள் ஏமாந்தவளுக்கு எல்லாவற்றிலும் சந்தேகம் வரும். தேனிக்கு அனுப்பிப் பார்க்க நேரமில்லை. மூன்று குதிரைகளிடமும் கொஞ்சம் ரத்தம் எடுத்து, உறையாமல் தடுக்கும் மருந்து எதுவும் இல்லாத வெறும் கண்ணாடிக் குழாய்களில் ஊற்றி, உள்ளங்கைச் சூட்டில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மச்சினன்மார் இருவரும் ஆளுக்கொரு பக்கம் குந்தி என் கையையே பார்த்தார்கள். சில நிமிடம் கழித்து மெல்லச் சாய்த்தேன். வெள்ளையம்மாவின் ரத்தம் தண்ணீராக ஓடியது. ஆண் குதிரையுடையதும் ஓடியது. வீரணன் குதிரையின் ரத்தம் அசையாமல் நின்றது, பாத்திரத்தில் இறுகிய கேழ்வரகுக் கூழைப் போல. சன்னாசி அந்த மூன்றாவது குழாயை வாங்கித் தானும் சாய்த்துப் பார்த்தார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. குதிரை ரத்தம் எல்லாம் ஒன்றில்லை என்று இனி அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

பேருந்து வந்தது, பைகள் வந்தன. வீரணன் குதிரையின் ரத்தம் சூடு ஆறுவதற்குள் வெள்ளையம்மாவுக்குள் ஏறியது. இரண்டு குதிரைகளுக்கும் மருந்து போட்டேன். அந்தச் சின்னக் குப்பிகளை உடைத்து உடைத்து என் விரல் புண்ணாயிற்று. சாயங்காலம் வெள்ளையம்மாவின் மூக்கில் ஒழுகல் குறைந்து, காய்ந்த கோடாக நின்றது. மறுநாள் காலை அது செத்துக் கிடக்கும் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். அது புல்லைத் தின்றுகொண்டு, நான் வந்ததைக்கூட மதிக்காமல் நின்றது. அந்த அலட்சியத்தை நான் எவ்வளவு ரசித்தேன் என்று சொல்லி மாளாது.

மருந்து சில வாரங்கள் தொடர வேண்டியிருந்தது. அதன் பிறகு மறுபடி குழாய்கள் தேனிக்குப் போயின. மூன்றாவது குழாய்க்கான குதிரையை வீரணனே பிடித்துக்கொண்டு வந்து, "இது என் குதிரைதான். வேணும்னா ரேசன் கார்டு கொண்டாரட்டுமா?" என்று என்னிடம் கேட்டார். சன்னாசி காதில் விழாதவர் போல நின்றார். இந்த முறை மூன்றும் ஒன்றுபோல வந்தன. டெக்னீஷியனிடம் திரும்பத் திரும்பக் கேட்டுத் தெளிந்துகொண்டேன். அவருக்கே சலித்துவிட்டது.

உங்களுக்கு நான் சொல்ல நினைத்தது இதுதான். நல்ல குதிரை என்று யாராவது பிடித்து வந்தால், நன்றி சொல்லிவிட்டு, அது நேற்று எந்தத் தொட்டியில் தின்றது என்று உங்கள் காலால் நடந்துபோய்ப் பாருங்கள். நல்ல பதில் கிடைத்தாலும் பாருங்கள். நம்மிடம் பொய் சொல்பவர்கள் எல்லோரும் கெட்டவர்கள் இல்லை. பல பேர் வெட்கப்படுகிறவர்கள்.

காயடிப்பு மட்டும் பாக்கி இருந்தது. ஏலக்காய் எடுப்பு தொடங்கும் முன் ஒரு காலையில் அதற்கும் போனேன். தலைக்கயிற்றை வீரணன் பிடித்தார், கால்கயிற்றைச் சன்னாசி பிடித்தார். இப்போதும் பேச்சு என் வழியாகத்தான். காகிதத்தில் எல்லாம் சரியாக இருந்தது, இருந்தாலும் கத்தியை எடுக்கும் முன் குதிரையின் கழுத்தை இன்னொரு தரம் தடவிப் பார்த்தேன். உங்களிடம் மறைப்பானேன். வேலை முடிந்து இடுக்கியை எடுத்தேன். ரத்தம் இறங்கியது. நான் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். சன்னாசி பார்க்கப் பயந்து முகத்தை அந்தப் பக்கம் திருப்பி வைத்திருந்தார்.

"நின்னுருச்சாத்தா?" என்றார்.

இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. நான் சொட்டுகளை எண்ணினேன். சொட்டுகளுக்கு நடுவே இடைவெளி கூடியது. ஒரு சொட்டு விழப் பார்த்து, விழாமல் அங்கேயே தொங்கி, கறுத்து, இறுகியது. நான் இன்னும் குனிந்து அடுத்த சொட்டைத் தேடினேன்.

"ஆத்தா, நின்னுருச்சா?"

தலைமாட்டில் இருந்து வீரணன் எட்டிப் பார்த்தார்.

"நின்னுருச்சு மாப்ள. கயித்தைத் தளத்து."